தண்ணீரை வேகமாகப் பீய்ச்சும் ஜெட் பம்பால் கழுவியும் சுவர் மறுபடி கறுக்கிறதா?

ஜெட்டை விடுங்கள், குளோரோக்ஸ் என்ற ப்ளீச் திரவத்தைப் போடுங்கள். மழைக்காலம் முடிந்து வரும் அந்தக் கறுப்பு பெரும்பாலும் பூசணம்; ஜெட்டில் மேலே இருப்பது மட்டும்தான் போகும். ஒரு பங்குக்கு நாலு பங்கு தண்ணீர் கலந்து, கையுறை போட்டுத் தடவி, கால் மணி நேரம் விட்டுத் தேய்த்துக் கழுவுங்கள். வெயில் ஏறுமுன் செய்யுங்கள், காய்ந்துவிட்டால் வேலை செய்யாது.

முதலில் ஒரு துளி விட்டுப் பாருங்கள். சில நிமிடத்தில் வெளுத்தால் பூசணம். வெளுக்காவிட்டால் பெரும்பாலும் அழுக்கோ புகைக்கரியோதான், சோப்புத் தண்ணீர் போதும்.

சமையலறைச் சுவர் மட்டும் கறுக்கிறது என்றால், அங்கே கூரைப் பீலியை, அதாவது மழைத்தண்ணீர் ஓடும் கூரையோரத் தகட்டைப் பாருங்கள். மலேசியாவில் பேராக் மாநிலத்துச் சுங்கை சிப்புட் பக்கத்துப் பழைய எஸ்டேட் வீடுகளில் இலை அடைத்து, தண்ணீர் சுவரோடு வழியும். அதைச் சரி செய்யாமல் சாயம் அடித்தால் காசுதான் வீண்.

கழிவறை கழுவும் அமிலத்தோடு குளோரோக்ஸைக் கலக்கவே கூடாது, நச்சு வாயு வரும். அப்புறம், கூரை பழைய ஆஸ்பெஸ்டாஸ் என்றால் அதன்மேல் ஜெட் படவே வேண்டாம்.