குடிநீரில் உயிருள்ள பாக்டீரியாக்களை மட்டும் எப்படி எண்ணுகிறார்கள்?

நுண்ணோக்கியில் எண்ணினால் இறந்த செல்களும் கணக்கில் சேர்ந்துவிடுமே என்ற உங்கள் ஐயம் நியாயமானது. அதனால்தான் ஆய்வகங்கள் இன்றும் வளர்ப்பு முறையையே பெரிதும் நம்புகின்றன: 100 மில்லிலிட்டர் நீரை 0.45 மைக்ரோமீட்டர் துளைகள் கொண்ட சவ்வில் வடிகட்டி, அச்சவ்வை ஊட்டக் கூழ்மத்தின்மேல் வைத்துத் தகுந்த வெப்பநிலையில் பேணினால், பெருகும் திறனுள்ள ஒவ்வொரு செல்லும், அல்லது ஒட்டிக்கிடக்கும் செல்களின் ஒவ்வொரு கொத்தும், கண்ணுக்குத் தெரியும் காலனியாக, அதாவது பாக்டீரியாத் திரளாக, வளர்கிறது. ஆகவே முடிவைச் செல்களின் எண்ணிக்கையாகக் கூறாமல், காலனி உருவாக்கும் அலகுகளாகவே குறிப்பிடுவர். மாதிரிப் புட்டியில் முன்கூட்டியே குளோரினைச் செயலிழக்கச் செய்யும் சோடியம் தயோசல்பேட் இட மறந்தால், நீரில் எஞ்சிய குளோரின் ஆய்வகத்துக்குக் கொண்டுவரும் வழியிலேயே பாக்டீரியாக்களைக் கொன்று, கெட்ட நீரையும் நல்ல நீராகக் காட்டிவிடும்.

இம்முறையின் பெருங்குறை, உயிரோடிருந்தும் கூழ்மத்தில் வளராத பாக்டீரியாக்கள் நீரில் ஏராளம் என்பதே. செல்களை ஒவ்வொன்றாக லேசர் ஒளியின் முன் ஓடவிட்டு எண்ணும் ஃப்ளோ சைட்டோமெட்ரி முறை அவற்றையும் சில நிமிடங்களில் எண்ணிவிடுகிறது. அதில் பயன்படும் புரோபிடியம் அயோடைடு என்னும் சாயம், செல்சவ்வு சிதைந்த செல்லுக்குள் மட்டுமே நுழைவதால், சாயமேறாதவை உயிருள்ளவையாகக் கொள்ளப்படுகின்றன. ஆயினும் புறஊதாக் கதிர் செல்சவ்வைச் சிதைக்காமல் மரபணுப் பொருளையே தாக்குவதால், அவ்வாறு தூய்மைப்படுத்தப்பட்ட நீருக்கு இச்சாயச் சோதனையை மட்டும் நம்புவது என் பார்வையில் தவறு. அங்கே வளர்ப்பு முறையே மேலானது.