இதய மாத்திரை எடுக்கும் 13 வயது நாய், நள்ளிரவில் கூடம் நனைகிறது: தண்ணீரைக் குறைக்கலாமா?

குன்னூரிலிருந்து ஒருவர் கேட்கிறார்: நாய்க்கு இரவு 10 மணிக்கு ஃப்ரூசிமைடு (உடம்பில் தேங்கும் நீரைச் சிறுநீராக வெளியேற்றும் இதய மாத்திரை) கொடுக்கிறோம், 2 மணிக்குக் கூடத்தின் பலகைத் தரை நனைகிறது, இரவில் தண்ணீர்க் கிண்ணத்தை எடுத்துவிடலாமா?

தண்ணீர்க் கிண்ணத்தை எடுக்க வேண்டாம். மாற்ற வேண்டியது மாத்திரை நேரம். ஃப்ரூசிமைடு எடுக்கும் நாய்க்குத் தண்ணீரைக் குறைத்தால் உடம்பு வறண்டு சிறுநீரகம் பாதிக்கும்.

அந்த மாத்திரை கொடுத்த 1-2 மணி நேரத்தில் சிறுநீர் கொட்டும். வேகம் அடங்க 6 மணி நேரம் ஆகும். நீங்கள் கொடுப்பது இரவு 10 மணிக்கு, நனைவது 2 மணிக்கு. கணக்கு அப்படியே பொருந்துகிறது. காலை 6, மாலை 6 என்று மாற்றலாமா என டாக்டரிடம் கேளுங்கள். பிறகு மாலை 7, இரவு 8.30, 11 மணிக்கு வெளியே கூட்டிப் போங்கள். குன்னூர்க் குளிரில், சாரலில் வயதான நாய் வாசற்படியோடு திரும்பிவிடும். ஸ்வெட்டர் போட்டு, அது போய் முடிக்கும்வரை கூடவே நில்லுங்கள். சிறுத்தை நடமாடும் ஊர். கயிறும் டார்ச்சும் இல்லாமல் விடவே விடாதீர்கள்.

ஒன்றைக் கவனியுங்கள்: எழுந்து வந்து போகிறதா, படுத்த இடமே நனைகிறதா? பின்தொடை முடி ஈரமாக இருந்தால் அது கசிவு, நேரம் மாற்றித் தீராது. காலையின் முதல் சிறுநீரைச் சுத்தமான குழிக்கரண்டியில் பிடித்து, சர்க்கரையும் கிருமித்தொற்றும் பார்க்கக் கொடுங்கள்.

பலகைத் தரையில் ஃபினாயில் வேண்டாம். வாடையை மறைக்குமே தவிர இடுக்கில் இறங்கியது அங்கேயே இருக்கும், நாய் அதே இடத்தைத் தேடி வரும். சிறுநீரைச் சிதைக்கும் என்சைம் கிளீனர் ஊற்றி 15 நிமிடம் ஊறவிட்டுத் துடையுங்கள்.

மாத்திரை அளவை நீங்களாகக் குறைக்காதீர்கள். அசந்து தூங்கும்போது நிமிடத்துக்கு 30 மூச்சைத் தாண்டினால் அன்றே டாக்டரிடம் காட்டுங்கள்.