ஹைளு வலியும் தஸ்பீஹ் மணியும்

கேள்வி: எனக்கு 19 வயது. ஹைளு (மாதவிடாய்) தொடங்கும் முதல் நாள் அடிவயிற்று வலியில் சுருண்டுவிடுகிறேன். திக்ரு (இறைவனை நினைத்து ஓதுவது) செய்தால் குறையும் என்கிறார் ராத்தா (அக்கா). தொழுகை இல்லாத நாளில் செய்யலாமா? ஓதிப் பார்க்கும் ஒருவர் 'ஜின் சேட்டை' என்று 3,500 ரூபாய் கேட்கிறார். மாத்திரை போட்டால் கர்ப்பப்பை கெட்டுவிடும் என்று உம்மாவுக்குப் பயம்.

பதில் (மருத்துவர்): முதலில் அந்த 3,500 ரூபாயைப் பத்திரமாக வையுங்கள். கர்ப்பப்பையின் உள்சவ்வு உதிரும்போது புரோஸ்டாகிளான்டின் என்ற வேதிப்பொருள் சுரந்து கர்ப்பப்பையை இறுக்கிப் பிழிகிறது. அதுதான் வலி. ஜின்னுக்கு இதில் வேலை இல்லை. ஓதிய தண்ணீர், கறுப்புக் கயிறு, தாயத்து என்று வருடக்கணக்கில் செலவழித்துவிட்டு, கடைசியில் சினைப்பையில் பழைய ரத்தம் தேங்கிய 'சாக்லேட் கட்டி'யோடு என் முன்னால் வந்து உட்காருகிறவர்களைப் பார்த்துச் சலித்துவிட்டேன். திக்ருக்குக் காசு கேட்பவர் யாராக இருந்தாலும் வாசலோடு அனுப்புங்கள்.

திக்ருக்கும் துஆவுக்கும் (வேண்டுதலுக்கும்) ஹைளு தடை இல்லை. வலிக்கும் இடத்தில் கை வைத்து பிஸ்மில்லாஹ் மூன்று முறை, பாதுகாப்புத் தேடும் துஆ ஏழு முறை என்று ஸஹீஹ் முஸ்லிம் என்ற ஹதீஸ் நூலில் வருகிறதே, அதையும் ஓதலாம். ஆனால் தொழுகை முடிந்ததும் படபடவென்று தஸ்பீஹ் மணி (ஜெபமாலை) உருட்டுவோமே, அந்த வேகம் இங்கே உதவாது. ஒருக்களித்துப் படுங்கள். வெந்நீர்ப் பையைத் துண்டில் சுற்றி அடிவயிற்றில் வையுங்கள். மூக்கால் மூச்சை இழுத்து, விடும்போது நிதானமாக ஒரு 'ஸுப்ஹானல்லாஹ்', ஒரு மணி. மூச்சுக்குப் பத்து வினாடி வைத்தால் 33 மணிக்கு ஐந்தரை நிமிடம் ஆகும். கடித்த பல்லும் தூக்கிய தோளும் தானாக இறங்கும். விறைத்த உடம்பில் வலி கூடுதலாகத் தெரியும். தளர்ந்தால் தாங்க முடியும். அவ்வளவுதான் இதன் வேலை.

ஸுஜூது (தொழுகையில் நெற்றி நிலத்தில் படக் குனிவது) போல முழங்காலை மடக்கிக் குனிந்தால் இடுப்புக்குச் சுகம். 'ஹைளில் ஸுஜூதா?' என்று பதறுகிறார்கள். நிய்யத் (தொழும் எண்ணம்) இல்லை, தக்பீர் ('அல்லாஹு அக்பர்' சொல்வது) இல்லை, கிப்லா (மக்காவின் திசை) பார்க்கவில்லை. கட்டிலில் தலையணையைக் கட்டிப்பிடித்துக் குனிவது எப்படித் தொழுகையாகும்? மனம் ஒப்பவில்லையா, மார்க்கம் படித்த ஓர் ஆலிமாவிடம் கேளுங்கள், அல்லது சும்மா பக்கவாட்டில் சுருண்டு படுங்கள். இதற்காக வலியோடு விறைத்து நிற்க வேண்டாம்.

புரோஸ்டாகிளான்டினைக் குறைப்பது மாத்திரைதான். மெஃபெனமிக் ஆசிட் அல்லது இபுபுரோஃபென். வலி உச்சத்துக்குப் போன பிறகு அல்ல, தொடங்கியதுமே, சாப்பிட்டுவிட்டு. அளவை மருத்துவரிடம் கேளுங்கள். மாதம் இரண்டு மூன்று நாள் போட்டால் கர்ப்பப்பை கெடாது என்று உம்மாவிடம் சொல்லுங்கள். அல்சரோ ஆஸ்துமாவோ இருந்தால் கேட்காமல் போடாதீர்கள்.

வலி தொடங்கிய நேரம், மாத்திரை போட்ட நேரம் இரண்டையும் காலண்டரில் குறித்து வாருங்கள். மூன்று மாதத்தில் குறையவில்லை, மலம் கழிக்கும்போது வலி, ஏழு நாளுக்கு மேல் ரத்தப்போக்கு, இதில் ஒன்று இருந்தாலும் அந்தக் காலண்டரோடு மகப்பேறு மருத்துவரிடம் போங்கள். 'கல்யாணம் ஆனால் சரியாகிவிடும்' என்று இரண்டு நிமிடத்தில் அனுப்பிவிடும் என் சக மருத்துவர்கள் இன்னும் இருக்கிறார்கள். எழுந்து வந்துவிடாதீர்கள், ஸ்கேன் எழுதித் தரும்வரை உட்கார்ந்திருங்கள்.