ஜெர்மன் இறைச்சிச் சமையல்: நீங்கள் கேட்டவையும் என் பதில்களும்

கொலோனில் குடியேறி 16 வருஷம் ஆகிறது. வந்த புதிதில் மேல்மாடியில் இருந்த பாட்டியம்மா ஞாயிற்றுக்கிழமை காலையிலேயே கனமான இரும்புச் சட்டியை அடுப்பில் ஏற்றிவிடுவார், மதியம் வரைக்கும் படிக்கட்டெல்லாம் மணக்கும். அவரிடம் பக்கத்தில் நின்று கற்றுக்கொண்டதுதான் நான் சமைப்பதில் பாதி. ஜெர்மன் இறைச்சிச் சமையல் கஷ்டம் என்று பலர் பயப்படுகிறீர்கள். நம் பிரியாணியை விட இதில் வேலை குறைவு, காத்திருப்புதான் அதிகம், அந்த நேரம் முழுக்க அடுப்படியில் நிற்க வேண்டியதும் இல்லை. வந்த கேள்விகளுக்கு ஒவ்வொன்றாகப் பதில் சொல்கிறேன்.

அக்கா, முதல் தடவை செய்யப் போறேன். என்னென்ன வாங்கி வைக்கணும்?

பெரிய பட்டியல் எதுவும் கிடையாது. நடுத்தரக் காரமுள்ள கடுகு விழுது, ஊறுகாய் வெள்ளரிக்காய் ஒரு பாட்டில், பிரிஞ்சி இலை, கிராம்பு, மிளகு, மார்ஜோரம், ஜூனிபர் காய் (இங்கே வாகோல்டர் என்று கேளுங்கள்), தக்காளி விழுது. காய்கறிக் கடையில் சூப்பன்க்ரூன் என்று ஒரு கட்டு விற்பார்கள், கேரட், லீக், செலரிக் கிழங்குத் துண்டு, பார்ஸ்லி எல்லாம் சேர்த்துக் கட்டியிருக்கும். குழம்புக்கு அடித்தளமே அதுதான். வறுக்க புட்டர்ஷ்மால்ட்ஸ் என்று சொல்வார்கள், பெயரைப் பார்த்துத் திகைக்க வேண்டாம், அது நெய்தான். வீட்டில் நெய் இருந்தால் தாராளமாக அதையே ஊற்றுங்கள்.

ஒரே ஒரு எச்சரிக்கை. இங்கே க்யும்மெல் (ஆங்கிலத்தில் கேரவே) என்பது நம் சீரகம் இல்லை. நம் சீரகத்துக்குப் பெயர் க்ராய்ட்ஸ்க்யும்மெல். டப்பாவில் இரண்டும் பார்க்க ஒரே மாதிரி இருக்கும், மணம் முழுக்க வேறு. பன்றி வறுவலில் சீரகம் போட்டால் அது வேறு ஏதோ ஒரு பதார்த்தம் ஆகிவிடும்.

ரூலாடன் (மாட்டிறைச்சிச் சுருள்) செய்தேன் அக்கா, ஒரு மணி நேரம் வேகவிட்டும் செருப்புத் தோல் மாதிரி இருந்தது. எங்கே தப்பு?

தப்பு அந்த ஒரு மணி நேரத்தில்தான் தம்பி. நானும் முதல் தடவை இதே இடத்தில்தான் விட்டேன். குத்திப் பார்த்தேன், கடினமாக இருந்தது, அதிகமாக வெந்துவிட்டது என்று நினைத்து இறக்கிவிட்டேன். உண்மை நேர்மாறு. மாட்டின் தொடைக் கறியில் இருக்கும் நார் முதலில் இறுகும், பிறகுதான் மெல்ல மெல்லக் கரைந்து பசைபோல் ஆகும். அந்த இரண்டாவது கட்டத்துக்கு ஒன்றரையிலிருந்து இரண்டு மணி நேரம் வேண்டும். அதற்கு முன்னால் எப்போது எடுத்தாலும் செருப்புத் தோல்தான்.

முறையைச் சொல்கிறேன். இறைச்சிக் கடையில் ரூலாடனுக்கு என்று கேட்டாலே தொடைப் பகுதியில் அகலமாக, மெல்லிசாக வெட்டித் தருவார்கள், ஒரு துண்டு 150 முதல் 200 கிராம் வரை இருக்கும். பலகையில் விரித்து உப்பு, மிளகு தூவுங்கள். கடுகு விழுதை தோசையில் பொடி தடவுகிற மாதிரி ஓரம் வரை தடவுங்கள், தயங்காதீர்கள், வெந்த பிறகு அந்தக் காரம் அடங்கிவிடும். அதன் மேல் மெல்லிய பேக்கன் ஒரு துண்டு, நீளமாக வெட்டிய வெங்காயம், குறுகிய பக்கத்தில் ஊறுகாய் வெள்ளரி ஒரு கீற்று. இரண்டு ஓரத்தையும் உள்ளே மடித்து, பாய் சுருட்டுவது போல இறுக்கிச் சுருட்டி நூலால் கட்டுங்கள், பல்குத்தும் குச்சி குத்தினாலும் போதும்.

இப்போதுதான் முக்கியமான வேலை. நெய் நன்றாகக் காய்ந்ததும் சுருள்களைப் போட்டு எல்லாப் பக்கமும் கரும்பழுப்பாக வரும்வரை வறுங்கள். வெளிர் நிறத்தில் எடுத்துவிடாதீர்கள். பத்து நிமிஷம் ஆகும், ஆகட்டும். எடுத்து வைத்துவிட்டு, அதே சட்டியில் சூப்பன்க்ரூனையும் வெங்காயத்தையும் வதக்கி, ஒரு கரண்டி தக்காளி விழுது போட்டு அது கருஞ்சிவப்பாகும் வரை கிளறி, கொஞ்சம் சிவப்பு ஒயினோ தண்ணீரோ விட்டு அடியில் பிடித்ததை எல்லாம் சுரண்டுங்கள். அந்த அடிப்பிடிப்பில்தான் சுவை மொத்தமும் இருக்கிறது, அதைக் கழுவி ஊற்றினால் பிறகு எந்தப் பொட்டலத் தூளும் அதை ஈடுகட்டாது. சுருள்களைத் திரும்ப வைத்து, பாதி முழுகும் அளவு சூடான சூப்புத் தண்ணீர் விட்டு மூடிச் சின்னத் தீயில் வையுங்கள். அவ்வளவுதான்.

குக்கரில் செய்யலாமா? இரண்டு மணி நேரம் கேஸ் எரிக்க மனசு வரலை.

தாராளமாக. இங்கேயே நிறைய வீடுகளில் குக்கரில்தான் செய்கிறார்கள். வறுக்கிற வேலையை மட்டும் விட்டுவிடாதீர்கள், அதை முடித்துவிட்டு மூடுங்கள். அழுத்தம் ஏறிய பிறகு சின்னத் தீயில் ரூலாடனுக்கு 25 முதல் 30 நிமிஷம், ஒரு கிலோ முழு இறைச்சிக்கு 45 முதல் 50 நிமிஷம். அழுத்தம் தானாக இறங்கட்டும். அவசரத்தில் ஆவியை வெளியேற்றினால் உள்ளே இருக்கும் சாறும் கொதித்து வெளியே வந்துவிடும், இறைச்சி சக்கையாகிவிடும். இன்னொன்று, குக்கரில் தண்ணீர் வற்றாது, அதனால் பாதி அளவு ஊற்றினால் போதும்.

சவர்பிராட்டனுக்கு (புளிப்பில் ஊறவைத்துச் செய்யும் மாட்டிறைச்சி) நாலு நாள் வினிகரில் ஊறப் போடச் சொல்றாங்களே, கெட்டுப் போகாதா? ஒரே நாளில் செய்ய வழி இல்லையா?

கெடாது. புளிப்பும் ஃப்ரிட்ஜின் குளிரும் சேர்ந்து காப்பாற்றும். குளிர்சாதனப் பெட்டி வருவதற்கு முன்னால் இறைச்சியைக் காப்பாற்றுவதற்கும் முற்றிய மாட்டை மென்மையாக்குவதற்கும் கண்டுபிடித்த வழிதான் இது. கொலோன் இருக்கும் எங்கள் ரைன்லாந்துப் பக்கம் முன்னெல்லாம் குதிரை இறைச்சியில்தான் செய்வார்கள், இப்போது பெரும்பாலும் மாடுதான்.

ஒன்றேகால் கிலோ தோள்பட்டைக் கறிக்கு கால் லிட்டர் சிவப்பு ஒயின் வினிகர், அரை லிட்டர் தண்ணீர், இரண்டு வெங்காயம், கேரட், செலரிக் கிழங்கு, பிரிஞ்சி இலை 2, கிராம்பு 4, ஜூனிபர் காய் 6, மிளகு பத்துப் பதினைந்து. ஒரு கொதி விட்டு முழுக்க ஆறவிட்டு இறைச்சி மேல் ஊற்றுங்கள். கண்ணாடி, பீங்கான், எவர்சில்வர் எதுவும் சரி, அலுமினியம் மட்டும் கூடாது, புளிப்பு பாத்திரத்தை அரித்துவிடும். தினம் ஒரு தடவை திருப்பிப் போடுங்கள். வெளியே எடுக்கும்போது இறைச்சி சாம்பல் நிறத்தில் இருக்கும், பார்த்துப் பயப்பட வேண்டாம். துணியால் ஒற்றி நன்றாகக் காய வைத்து, ரூலாடன் மாதிரியே சிவக்க வறுத்து, ஊறிய தண்ணீரையே வடிகட்டி ஊற்றி இரண்டரை முதல் மூன்று மணி நேரம்.

கடைசியில்தான் ரைன்லாந்துக் கைமணம். ஒரு கைப்பிடி உலர் திராட்சையும், மசாலா வாசனை உள்ள லேப்கூகன் கேக்கை உதிர்த்து இரண்டு மூன்று கரண்டியும் குழம்பில் போடுவார்கள். ஆகன் நகரத்து ப்ரிண்டன் பிஸ்கட் கிடைத்தால் இன்னும் நல்லது. கேக் கரைந்து குழம்பு கெட்டியாகும், புளிப்பும் இனிப்பும் சேர்ந்து வரும். நம் புளிக்குழம்பில் துளி வெல்லம் போடுகிற அதே யோசனைதான், அதனால்தான் எனக்கு இது முதல் வாயிலேயே பிடித்துவிட்டது.

ஒரே நாள் என்றால், இறைச்சியைப் பெரிய துண்டுகளாக வெட்டி, வினிகரைப் பாதியாகக் குறைத்து குக்கரில் வைக்கலாம். சாப்பிட நன்றாகவே இருக்கும், ஆனால் புளிப்பு உள்ளே இறங்கியிருக்காது. இரண்டு நாளாவது ஊறவிட்டுச் செய்யுங்கள். அதுவும் முடியாவிட்டால் கடையில் ஏற்கெனவே ஊற வைத்ததை வாங்கிக்கொள்ளலாம், அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

தங்கச்சி, நாங்கள் வூப்பர்டாலில இருக்கிறம். வீட்டில மாடு சமைக்கிறேல்லை. மகன் பள்ளிக்கூடத்தில சாப்பிட்டுட்டு வந்து ரூலாடன் கேக்கிறான். என்ன செய்யலாம்?

வான்கோழி அக்கா. நெஞ்சுக்கறியை மெல்லிசாக வெட்டித் தரச் சொல்லுங்கள், உள்ளே வைப்பது எல்லாம் அதேதான். இதற்கு நார் கிடையாது, அதனால் நேரத்தைக் குறைத்துவிட வேண்டும், வறுத்த பிறகு 25 நிமிஷம் போதும், அதற்கு மேல் போனால் பஞ்சு மாதிரி ஆகிவிடும். பன்றியும் வேண்டாம் என்கிற வீடுகளுக்கு வான்கோழி பேக்கன் கிடைக்கிறது. ஒயினுக்குப் பதில் சிவப்பு திராட்சைச் சாறும் ஒரு கரண்டி வினிகரும் கலந்து ஊற்றுங்கள், நிறமும் புளிப்பும் சரியாக வரும். மகனுக்குச் சிவப்பு முட்டைக்கோஸும் உருளைக்கிழங்கு உருண்டையும் கூட வையுங்கள், பள்ளிக்கூடத்தில் பெரும்பாலும் அதோடுதான் பரிமாறியிருப்பார்கள்.

ஷ்னிட்சல் (மெல்லிசாகத் தட்டி எண்ணெயில் பொரித்த இறைச்சி) மேல் இருக்கும் ரொட்டித்தூள் உரிந்து வருகிறது.

இறைச்சி ஈரமாக இருந்திருக்கும், இல்லை தூள் போட்டு வெகுநேரம் காத்திருந்திருப்பீர்கள். அரை சென்டிமீட்டருக்கும் குறைவாகத் தட்டி, ஒற்றி, உப்பு போட்டு, மாவு, முட்டை, தூள் என்று வரிசையாகப் புரட்டி உடனே எண்ணெயில் போடுங்கள். தூளைக் கையால் அழுத்தாதீர்கள். எண்ணெய் தாராளமாக இருக்கட்டும், ஷ்னிட்சல் நீந்த வேண்டும். சட்டியை மெல்ல ஆட்டிக்கொண்டே இருந்தால் சூடான எண்ணெய் மேலே ஓடி, மேல்தோல் அலை அலையாக உப்பி வரும், அதைப் பார்ப்பதே ஒரு சந்தோஷம். அப்புறம், வீனர் ஷ்னிட்சல் என்று பெயர் வைக்க இளங்கன்று இறைச்சியாக இருக்க வேண்டும், பன்றி என்றால் உணவகத்தில் 'வீனர் பாணி' என்றுதான் எழுதலாம். வீட்டில் பன்றி, கோழி எதுவும் செய்யலாம்.

ஃப்ரிகடெல்லன் (கொத்துக்கறி வடை) கல் மாதிரி வருது.

ரொட்டி போதவில்லை. அரைக் கிலோ கலப்புக் கொத்துக்கறிக்கு (பாதி மாடு, பாதி பன்றி) ஒரு பழைய ப்ரூட்ஷன் ரொட்டியைப் பாலில் ஊறவைத்துப் பிழிந்து போடுங்கள், ஒரு முட்டை, வதக்கி ஆறவைத்த வெங்காயம், ஒரு கரண்டி கடுகு விழுது, மார்ஜோரம், பார்ஸ்லி. வெங்காயத்தைப் பச்சையாகப் போட்டால் தண்ணீர் விட்டு உடையும். அதிகம் பிசையாதீர்கள். மிதமான தீயில் மெதுவாக வேகட்டும், உள்ளே 70 டிகிரி வர வேண்டும். பெர்லின்காரர்கள் இதையே புலெட்டன் என்பார்கள், பவேரியாவில் ஃப்ளைஷ்ஃப்ளான்சர்ல். மறுநாள் ஆறிப்போனதை ரொட்டியில் வைத்துக் கடுகோடு சாப்பிட்டுப் பாருங்கள், எனக்குச் சூடானதை விட அதுதான் பிடிக்கும்.

காஸ்லர் வாங்கினேன், எவ்வளவு வேகவைத்தாலும் இளஞ்சிவப்பாகவே இருக்கு. வேகலையா?

வெந்துவிட்டது. அது உப்பு நீரில் ஊறிப் புகையில் காட்டிய பன்றி, அந்தப் பதப்படுத்தும் உப்பில் இருக்கும் நைட்ரைட்தான் நிறத்தைப் பிடித்து வைக்கிறது. உப்பு சேர்க்கவே வேண்டாம். கொதிக்கவும் விடாதீர்கள், சவர்க்ராட் (புளிக்க வைத்த முட்டைக்கோஸ்) மேல் வைத்து மூடிச் சின்னத் தீயில் வேகவிட்டால் போதும். அனலில் வாட்டுவதையும் தவிர்த்துவிடுங்கள், அந்த உப்பு அதிகச் சூட்டில் உடம்புக்கு நல்லதில்லை.

பவேரியா பக்கம் போனப்ப சாப்பிட்ட பன்றி வறுவல், மேல்தோல் அப்பளம் மாதிரி நொறுங்கிச்சு. வீட்டில் அப்படி வருமா?

வரும். தோலோடு தோள்பட்டை ஒன்றரைக் கிலோ வாங்குங்கள். ஓவன் தட்டில் இரண்டு விரல் தண்ணீர் கொதிக்கக் கொதிக்க ஊற்றி, தோல் பக்கம் கீழே இருக்கும்படி அரை மணி நேரம் வையுங்கள். தோல் இளகிவிடும், அதற்குப் பிறகு கத்தியால் கட்டம் கட்டமாகக் கீறுவது வெண்ணெய் வெட்டுகிற மாதிரி இருக்கும். பச்சையாகக் கீற முயன்றுதான் பலர் கையை வெட்டிக்கொள்கிறார்கள். கீறும்போது கொழுப்பு வரை போகலாம், கறியைத் தொடக்கூடாது. உப்பு, க்யும்மெல், நசுக்கிய பூண்டு தடவித் திருப்பி வைத்து, சுற்றிலும் வெங்காயம், கேரட், கிடைத்தால் இரண்டு எலும்பு, 160 டிகிரியில் இரண்டு முதல் இரண்டரை மணி நேரம். இடையில் கறுப்பு பியரைத் தட்டில் மட்டும் ஊற்றுங்கள், தோல் மேல் ஒரு சொட்டு கூட வேண்டாம். கடைசி 15 நிமிஷம் 220 டிகிரிக்கு ஏற்றி அங்கேயே நில்லுங்கள். பட் பட் என்று சத்தம் கேட்கும், தோல் கொப்புளம் கொப்புளமாக எழும்பும். ஓவன் பக்கத்தை விட்டு நகரக் கூடாத நேரம் இந்த ஒன்றுதான், இரண்டு நிமிஷத்தில் கருகிவிடும்.

வைஸ்வுர்ஸ்ட் (வெள்ளை சாசேஜ்) தண்ணீரில் வெடிச்சிடுது.

கொதிக்கிற தண்ணீரில் போட்டிருப்பீர்கள். கொதித்ததும் அடுப்பை அணைத்துவிட்டு, ஒரு நிமிஷம் கழித்துப் போட்டு மூடி 10 முதல் 12 நிமிஷம். தோலை உரித்துவிட்டு இனிப்புக் கடுகோடு சாப்பிடுங்கள்.

குழம்பு தண்ணியா, வெளுத்துப் போய் இருக்கு. கடைத்தூள் போடலாமா?

வெளுப்புக்குக் காரணம் முதலில் சரியாக வறுக்காதது, அதைக் கடைசியில் திருத்த முடியாது. தண்ணியாக இருப்பதைத் திருத்தலாம். இறைச்சியை எடுத்துவிட்டு, மூடாமல் கொதிக்கவிட்டு வற்றவையுங்கள், வெந்த காய்களில் பாதியை மசித்து வடிகட்டி ஊற்றுங்கள். அப்படியும் போதாவிட்டால் ஒரு சின்னக் கரண்டி சோளமாவைக் குளிர்ந்த தண்ணீரில் கரைத்துவிடலாம்.

கொஞ்சம் மிளகாய்த்தூள், கரம் மசாலா சேர்த்தா நல்லா இருக்குமா அக்கா?

முதல் மூன்று தடவை சேர்க்காமல் செய்யுங்கள். இந்தச் சமையலில் வாசனை இறைச்சியிலிருந்தும் வறுத்த வெங்காயத்திலிருந்தும் வர வேண்டும், மிளகாய் விழுந்ததும் அது அத்தனையும் மறைந்துவிடும், நாலு நாள் ஊறவைத்த உழைப்பு வீண். காரம் இல்லாமல் தொண்டையில் இறங்காது என்றால் மேயர்ரெட்டிஷ் என்று ஒரு கிழங்கு, பாட்டிலில் துருவியே விற்கிறது. அவித்த மாட்டிறைச்சி மேல் ஒரு சின்னக் கரண்டி வைத்து வாயில் போட்டால் காரம் நாக்கில் நிற்காமல் நேராக மூக்குக்கு ஏறும்.