ஒரே ஊரில் தங்குங்கள், சைக்கிளை எடுங்கள்

கேள்வி: நானும் இரண்டு நண்பர்களும் ஞாயிறுதோறும் திருநகரிலிருந்து கீழக்குயில்குடி, நாகமலை என்று சைக்கிள் மிதிப்பவர்கள். மூவருக்கும் ஐம்பது தாண்டிவிட்டது. என் மகன் பெல்ஜியத்தில் கெண்ட் நகரில் படிக்கிறான். செப்டம்பரில் அவனைப் பார்க்கப் போகும்போது ஐந்து நாள் ஒழிகிறது. பிரஸ்ஸல்ஸ், ப்ரூஜ், ஆண்ட்வெர்ப், ஆம்ஸ்டர்டாம் எல்லாம் பார்த்துவிடலாம் என்கிறான் மகன். எங்களுக்கு அமைதியான கிராமம், சைக்கிள், சாயங்காலம் ஒரு நல்ல பியர், இவ்வளவுதான் வேண்டும். எங்கே தங்குவது?
– வங்கி ஊழியர், திருநகர்

பதில்: இந்த ஒரு விஷயத்தில் மகன் பேச்சைக் கேட்காதீர்கள். ஐந்து நாளில் நாலு ஊர் என்றால் பாதிப் பொழுது ரயிலடியிலும் ஓட்டல் வாசலிலும் பெட்டியோடு நிற்பதிலேயே போய்விடும். பெல்ஜியத்தின் மேற்கு ஃபிளாண்டர்ஸ் மாகாணத்தில், பிரான்ஸ் எல்லைக்குப் பக்கத்தில், பொப்பரிங்கே என்று ஒரு சிற்றூர் இருக்கிறது. ரயில் தண்டவாளம் அந்த ஊரோடு முடிகிறது. கெண்ட்டிலிருந்து கோர்ட்ரைக் வழியாக வந்து இறங்குங்கள். ஐந்து நாளும் அங்கேயே இருங்கள்.

எனக்கு அந்தப் பக்கம் பழக்கமானது தறியால்தான். மதுரையில் ஒரு மில்லில் தறிப் பராமரிப்பில் இருந்தேன். ‘பிக்கனால்’ என்ற நிறுவனம் தறி செய்கிற தொழிற்சாலை பொப்பரிங்கேக்குப் பக்கத்து நகரமான ஈப்பரில் இருக்கிறது. மில் என்னைப் பயிற்சிக்கு அங்கே அனுப்பியது. சாயங்காலம் வேலை முடிந்ததும், விடுதிக்காரர் கொடுத்த சைக்கிளில் வயல்வெளிப் பக்கம் போய்விடுவேன். ஓய்வு பெற்ற பிறகு மனைவியோடு சொந்தச் செலவிலும் போய்வந்தேன்.

அங்கே வழி தேடுவது சுலபம். பெல்ஜியத்தின் வடபகுதியான ஃபிளாண்டர்ஸ் முழுக்கச் சைக்கிள் பாதைகள் சந்திக்கிற இடங்களுக்கு எண் போட்டிருக்கிறார்கள். 34-லிருந்து 52, அங்கிருந்து 17 என்று ஒரு துண்டுச் சீட்டில் எழுதிக் கைப்பிடியில் ஒட்டிக்கொண்டால் போதும். ஒவ்வொரு முனையிலும் பச்சை வெள்ளைப் பலகை அடுத்த எண்ணுக்கு அம்புக்குறி காட்டும். போனை எடுத்துப் பார்க்க வேண்டிய வேலையே இல்லை. பாதை பெரும்பாலும் பண்ணைகளுக்கு நடுவே போகிற ஒற்றைச் சாலை. கான்கிரீட் பலகைகள் பதித்திருப்பார்கள். ஒவ்வொரு இணைப்பிலும் சக்கரம் ‘டக்’கென்று ஒரு சத்தம் போடும். டிராக்டர் வந்தால் ஓரமாக நின்றுவிடுங்கள். வலதுபுறமாகத்தான் ஓட்ட வேண்டும் என்பதை முதல் நாள் ஒருவருக்கொருவர் நினைவுபடுத்திக்கொள்ளுங்கள்.

நிலம் தட்டை என்று நம்பி வேகம் காட்டாதீர்கள். வடகடல் அதிக தூரமில்லை, காற்றைத் தடுக்க மலையும் இல்லை. எதிர்காற்றில் பத்துக் கிலோமீட்டர் நம் ஊரில் இருபதுக்குச் சமம். காலையில் காற்றை எதிர்த்துப் போய், திரும்பும்போது முதுகுக்குப் பின்னால் அது இருக்கும்படி வழியை அமைத்துக்கொள்ளுங்கள். மேடு ஏற ஆசைப்பட்டால் கெம்மல்பெர்க் இருக்கிறது. உயரம் 156 மீட்டர்தான், ஆனால் கல் பாவிய செங்குத்துப் பாதை தொடையைப் பிடித்துவிடும். கெண்ட்–வெவல்கெம் என்ற பெயரில் வெகுகாலம் நடந்த சைக்கிள் பந்தயத்தில் ஓட்டுகிறவர்கள் அதே கல்லில்தான் ஏறுகிறார்கள்.

செப்டம்பர் என்று எழுதியிருப்பதால் இன்னொன்று சொல்கிறேன், கூடிய மட்டும் முதல் பாதியில் போங்கள். பியருக்குக் கசப்பும் மணமும் கொடுக்கிற ஹாப் கொடியின் அறுவடை அப்போதுதான் நடக்கும். பெல்ஜியத்தில் ஹாப் என்றாலே பொப்பரிங்கேதான். உயரமான கம்பங்களுக்கு நடுவே கம்பி இழுத்து, ஆறு ஏழு மீட்டர் உயரத்துக்குக் கொடியை ஏற்றியிருப்பார்கள். சோழவந்தான் வெற்றிலைக் கொடிக்காலுக்குள் நுழைந்தால் வருமே ஒரு பச்சை இருட்டு, அதே இருட்டு அங்கேயும் உண்டு. கொடியை அடியோடு அறுத்து வண்டியில் ஏற்றிக்கொண்டு போவார்கள். வழியில் சிந்திய பூ ஒன்றை எடுத்து நடுவில் பிளந்து பாருங்கள். இதழ்களின் அடியில் மஞ்சள் பொடி இருக்கும். விரலில் தேய்த்தால் பிசுபிசுவென்று ஒட்டும். எலுமிச்சைத் தோலும் பச்சைப் புல்லும் கலந்த வாசனை. நாக்கில் வைத்தால் வேப்பங்கொழுந்துக் கசப்பு.

இந்த ஊர் ஹாப்புக்கு வந்த கதையிலும் நெசவு இருக்கிறது. பொப்பரிங்கேயும் ஒரு காலத்தில் துணி நெய்த ஊர்தான். 14-ஆம் நூற்றாண்டில் துணி நெய்கிற உரிமை ஈப்பர் போன்ற பெரிய நகரங்களுக்கே என்று ஆகிவிட, இவர்கள் ஹாப் பக்கம் திரும்பினார்கள் என்று சொல்கிறார்கள். பழைய எடைபோடும் மண்டபத்தையே ஹாப் அருங்காட்சியகம் ஆக்கியிருக்கிறார்கள். ஒரு மழை நாளை அதற்கு ஒதுக்குங்கள்.

கேள்வி: வெஸ்ட்விளெட்டரன் பியர் உலகத்திலேயே சிறந்தது என்கிறார்களே, உண்மையா? எங்கே கிடைக்கும்?
– மருந்து விற்பனைப் பிரதிநிதி, அண்ணா நகர், மதுரை

பதில்: உலகத்திலேயே எது சிறந்தது என்ற பட்டியலில் எனக்கு அக்கறை இல்லை. நல்ல பியர், அதைச் சந்தேகமில்லாமல் சொல்வேன். பொப்பரிங்கேயிலிருந்து ஹாப் தோட்டங்கள் வழியாக அரை மணி நேரம் மிதித்தால் சிண்ட் சிக்ஸ்டஸ் மடாலயம் வரும். டிராப்பிஸ்ட் என்ற கத்தோலிக்கத் துறவிகள் 19-ஆம் நூற்றாண்டிலிருந்து அங்கேதான் பியர் காய்ச்சுகிறார்கள், நீங்கள் கேட்ட வெஸ்ட்விளெட்டரன் அதுதான். தங்கள் மடத்தின் செலவுக்கு எவ்வளவு வேண்டுமோ அவ்வளவுதான் காய்ச்சுவது. எவ்வளவு கிராக்கி வந்தாலும் அளவைக் கூட்டுவதில்லை. எனக்கு அவர்கள் மேல் மரியாதை வந்ததே இதனால்தான். மடத்துக்குள் சுற்றிப் பார்க்க விட மாட்டார்கள், கேட்காதீர்கள். எதிரிலேயே ‘இன் டி வ்ரேட’ என்று அவர்களுடைய காபிக் கடை இருக்கிறது. உட்கார்ந்து குடிக்கலாம். வாரத்தில் சில நாள் விடுமுறை, பார்த்துக்கொண்டு கிளம்புங்கள்.

மூடியின் நிறம்தான் அடையாளம். பச்சை மூடி என்றால் ஆல்கஹால் 5.8 சதவீதம், நீல மூடி 8, மஞ்சள் மூடி 10.2. இந்தக் கடைசி எண்ணை மனதில் வையுங்கள். நம் ஊரில் 650 மில்லி பாட்டிலில் வருகிற 5 சதவீத பியரில் எவ்வளவு ஆல்கஹால் இருக்குமோ, ஏறக்குறைய அவ்வளவும் மஞ்சள் மூடியின் 330 மில்லியில் இருக்கிறது. சின்ன பாட்டில் என்று நினைத்து மூன்று குடித்தால் எழுந்திருக்க முடியாது.

கூட்டம் பிடிக்காதென்றால் வாட்டூ கிராமத்துக்குப் போங்கள். அங்கே செயின்ட் பெர்னார்டஸ் ஆலை இருக்கிறது. 1946 முதல் 1992 வரை சிண்ட் சிக்ஸ்டஸ் மடத்தின் பெயரில் உரிமம் பெற்றுக் காய்ச்சியவர்கள் இவர்கள்தான். அவர்களுடைய ‘அப்ட் 12’, 10 சதவீதம். ஆற அமர உட்கார்ந்தால் உலர்ந்த அத்திப்பழ ருசி மெல்ல வெளியே வரும். பரிமாறுகிறவர் கையைக் கவனியுங்கள். கோப்பையைத் தண்ணீரில் அலசி, சாய்த்துப் பிடித்து ஒரே சீராக ஊற்றி, அடியில் தங்கிய ஈஸ்ட் வண்டலோடு கடைசி ஒரு விரல் அளவைப் பாட்டிலிலேயே விட்டு, லேபிள் உங்களைப் பார்க்கும்படி வைத்துவிட்டுப் போவார். ஒவ்வொரு பியருக்கும் அதற்கென்றே ஒரு கோப்பை உண்டு. பெல்ஜியத்தின் பியர் பண்பாட்டை 2016-இல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்த்தார்கள். அந்தக் கையைப் பார்த்தால் சேர்த்தது சரிதான் என்று நீங்களே சொல்வீர்கள்.

கேள்வி: குடித்துவிட்டு சைக்கிள் ஓட்டினால் அங்கே போலீஸ் பிடிக்குமா?
– பெயர் வெளியிட விரும்பாத வாசகர், செல்லூர்

பதில்: பிடிக்கும். பெல்ஜியத்தில் ரத்தத்தில் லிட்டருக்கு 0.5 கிராம் என்ற வரம்பு சைக்கிளுக்கும் சேர்த்துத்தான். சட்டம் கிடக்கட்டும், உயிர் பெரிது. கிராமத்துச் சாலை ஓரங்களில் ஆழமான வாய்க்கால்கள் இருக்கின்றன. பகலில் மிதியுங்கள், வழியில் தாகத்துக்குத் தண்ணீரும் காபியும் போதும். சைக்கிளை விடுதியில் பூட்டிவிட்டு, நடந்து போகிற தூரத்தில் உட்கார்ந்து ஒரே ஒரு பியரை ஒரு மணி நேரம் குடியுங்கள். மடாலயம் போகிற அன்றைக்கு மட்டும் பச்சை மூடி ஒன்று, அதுவும் சாப்பாட்டோடு, அப்புறம் நன்றாக நேரம் விட்டுக் கிளம்புங்கள். இதுவரை குடித்ததில்லை என்றால் இந்தப் பயணத்துக்காகத் தொடங்க வேண்டாம்.

கேள்வி: என் கணவர் நண்பர்களோடு போகிறார், என்னையும் கூப்பிடுகிறார். நான் சைவம், குடிப்பதும் இல்லை. சைக்கிள் ஓட்டி வருஷக்கணக்காகிறது. நான் போய் என்ன செய்வது?
– வாசகி, எஸ்.எஸ். காலனி, மதுரை

பதில்: அவசியம் போங்கம்மா. என் மனைவியும் உங்களைப் போலத்தான். முதலில் மின்சார சைக்கிள் வாடகைக்கு எடுங்கள். அந்த ஊரில் எழுபது வயதுப் பாட்டிகள் அதில் சர்வசாதாரணமாகப் போவார்கள். பியர் கிடைக்கிற கடையை நம் ஊர் பாரோடு சேர்த்து நினைக்காதீர்கள். குழந்தை, பாட்டி, நாய்க்குட்டி என்று குடும்பமே ஒரு மேஜையைச் சுற்றி உட்கார்ந்து சூப்பும் காபியும் சாப்பிடுகிற இடம் அது. உங்களை யாரும் திரும்பிப் பார்க்க மாட்டார்கள்.

சாப்பாட்டில் மட்டும் கவனம் வேண்டும். அங்கே உருளைக்கிழங்கு வறுவல் பிரமாதம், ஆனால் வழக்கமாக மாட்டுக் கொழுப்பில் பொரிப்பார்கள். எந்த எண்ணெய் என்று கேட்காமல் வாங்காதீர்கள். பீர் மணக்கிற குழம்பு ஏதாவது வந்தால் அது மாட்டிறைச்சி என்று வைத்துக்கொள்ளுங்கள். ரொட்டி, வெண்ணெய், காய்கறி சூப் எங்கும் கிடைக்கும். சூப்பில் இறைச்சிச் சாறு உண்டா என்றும் கேட்டுவிடுங்கள். முட்டை சாப்பிடுவீர்கள் என்றால் பொப்பரிங்கேயின் மசரின் கேக்கை விடாதீர்கள். பட்டை மணக்க, பாகில் ஊறி, கரண்டி வைத்ததும் உடையும். புளிக்காய்ச்சலும் பருப்புப் பொடியும் கொண்டுபோனால் சமையலறை உள்ள வீடாக எடுத்துத் தங்கலாம். நாங்கள் அப்படித்தான் செய்தோம்.

கேள்வி: விசா எங்கே வாங்க வேண்டும்?
– வாசகர், மேலூர்

பதில்: பெல்ஜியம் உள்ளிட்ட பல ஐரோப்பிய நாடுகளுக்குப் பொதுவான ஷெங்கன் விசா வேண்டும். சென்னையில் வி.எஃப்.எஸ். மையத்தில் விண்ணப்பித்துக் கைரேகை கொடுக்க வேண்டும். பயணத்துக்கு ஆறு மாதம் முன்பே போடலாம், கடைசி வாரத்துக்குத் தள்ளாதீர்கள். பெரியவர்களுக்குக் கட்டணம் 90 யூரோ, மையத்தின் சேவைக் கட்டணம் தனி. 30,000 யூரோவுக்குக் குறையாத மருத்துவக் காப்பீடு கட்டாயம்.

கேள்வி: முதல் உலகப் போருக்கு எங்கள் கொள்ளுத்தாத்தா போனதாக வீட்டில் சொல்வார்கள். நீங்கள் சொல்கிற அந்தப் பகுதியில் நம்மவர்கள் சண்டை போட்டிருக்கிறார்களா?
– ஓய்வு பெற்ற ஆசிரியர், உசிலம்பட்டி

பதில்: போட்டிருக்கிறார்கள், ஐயா. 1914 அக்டோபரிலேயே இந்தியப் படைகள் ஈப்பர் பக்கம் வந்துவிட்டன. அந்த மாதம் 31-ஆம் தேதி ஹோலபேக் கிராமத்தில், கூட இருந்தவர்கள் எல்லோரும் விழுந்த பிறகும் இயந்திரத் துப்பாக்கியை விடாமல் இயக்கிய குதாதாத் கானுக்கு, பிரிட்டனின் மிக உயரிய வீரப் பதக்கமான விக்டோரியா கிராஸ் கொடுத்தார்கள். 1915 ஏப்ரல் 22-இல் ஜெர்மானியர்கள் குளோரின் வாயுவைத் திறந்துவிட்டார்கள். நாலு நாள் கழித்து இந்தியப் படையின் லாகூர் டிவிஷனை அதே களத்தில் இறக்கினார்கள். முகமூடிகூட ஒழுங்காக இல்லாமல் போனவர்கள் அவர்கள்.

ஈப்பரில் மெனின் வாயில் என்று ஒரு பெரிய நினைவு வளைவு இருக்கிறது. உடல் கிடைக்காத 54,000-க்கும் மேற்பட்டோரின் பெயர்களைச் சுவரில் வெட்டியிருக்கிறார்கள். சிப்பாய், ஹவில்தார், ஜமேதார் என்று நம்மவர்கள் பெயரும் உண்டு. தினமும் இரவு 8 மணிக்குப் போக்குவரத்தை நிறுத்திக் கொம்பு ஊதுகிறார்கள். 1928-இல் தொடங்கிய வழக்கம். சைக்கிளில் அந்த ஊருக்குப் போகிற தமிழர் யாராக இருந்தாலும் ஒரு மாலை அங்கே நிற்க வேண்டும் என்பது என் வேண்டுகோள்.

உங்கள் கொள்ளுத்தாத்தாவைப் பொறுத்தவரை, சென்னை மாகாணத்தவர் பலர் மெசபொடேமியாவுக்குத்தான் (இன்றைய இராக்) போனார்கள். அங்கேயும் தேடுங்கள். போரில் இறந்தவர் என்றால் காமன்வெல்த் போர்க் கல்லறை ஆணையத்தின் இணையதளத்தில் பெயரையும் படைப்பிரிவையும் போட்டுப் பார்க்கலாம். பழைய பென்ஷன் காகிதமோ பதக்கமோ வீட்டில் இருந்தால், பதக்கத்தின் விளிம்பில் எண்ணும் படைப்பிரிவும் பொறித்திருக்கும்.

கேள்வி: எண் பலகை வைத்த சைக்கிள் பாதை என்று போன இதழில் இரண்டு வரி எழுதியிருந்தீர்கள். நம் ஊரில் அப்படி வைக்க முடியாதா?
– கல்லூரி மாணவர், திருவேடகம்

பதில்: தாராளமாக முடியும். அந்த யோசனையைக் கொண்டுவந்தவர் ஹ்யூகோ போலன் என்கிற சுரங்கப் பொறியாளர். பெல்ஜியத்தின் லிம்பர்க் மாகாணத்தில் நிலக்கரிச் சுரங்கங்கள் மூடப்பட்டு ஜனங்கள் வேலை இழந்து நின்ற காலம். சுரங்கத்துக்குள் பாதைகளின் சந்திப்புக்கு எண் போட்டு வழி கண்டுபிடிக்கிற முறையைச் சாலைக்குக் கொண்டுவந்தார். 1995-இல் லிம்பர்க்கில் தொடங்கி மற்ற மாகாணங்களுக்கும் நெதர்லாந்துக்கும் பரவியது. இன்றைக்கு அந்தக் கிராமங்களின் விடுதிகளும் கடைகளும் சைக்கிள்காரர்களை நம்பித்தான் நடக்கின்றன.

புதிதாகச் சாலை போட வேண்டியதில்லை, இருக்கிற சாலைக்கு எண் போடுவதுதான் வேலை. உங்களைச் சுற்றியே பாருங்கள். தேனூர், திருவேடகம், சோழவந்தான், ஆற்றைத் தாண்டித் தென்கரை, முள்ளிப்பள்ளம், திரும்பி வர மேலக்கால் பாலம். இருபுறமும் நெல்லும் தென்னையும் கொடிக்காலும். லாரி வராத ஒரு சுற்று அதில் கிடைக்கும். வாடிப்பட்டிப் பக்கம் பெரியாறு கால்வாய்க் கரையைப் பிறகு சேர்க்கலாம். கல்லூரியின் நாட்டு நலப்பணித் திட்டக் குழுவைப் பிடியுங்கள். ஊராட்சித் தலைவர்களிடம் எழுத்து மூலம் அனுமதி கேளுங்கள். முதலில் எட்டுப் பத்து முனைகள் போதும். காலை 6 மணிக்கும் மாலை 5 மணிக்கும் தனித்தனியே ஓட்டிப் பார்த்து, பஸ் வேகமாக வருகிற இடத்தைத் தவிர்த்து வழியைக் குறியுங்கள். வரைபடம் தயாரானதும் எனக்கு ஒரு பிரதி அனுப்புங்கள். நான் வந்து மிதித்துப் பார்த்துவிட்டு, எந்த முனையில் பலகை எந்தப் பக்கம் திரும்ப வேண்டும் என்று இதே பக்கத்தில் எழுதுகிறேன்.