ஒத்துழைப்புக்குள் இருக்கும் உழைப்பு

கேள்வி: இலங்கை மலைநாட்டில் ஹந்தானையில் தொடங்கி நுவரெலியாவில் முடிகிற பீக்கோ நடைபாதை 300 கிலோமீட்டருக்கு மேல். பொதுமக்கள் ஒத்துழைத்தால்தான் அது நிலைக்கும் என்கிறார்கள். தேயிலைத் தோட்டத்து மக்கள் ஒத்துழைப்பார்களா? (வாசகர், கண்டி)

பதில்: ஒத்துழைப்பு என்ற சொல்லைப் பிரித்துப் பாருங்கள், உள்ளே உழைப்பு இருக்கிறது. அந்தப் பங்கைத் தோட்டத்துச் சனம் எப்போதோ கொடுத்துவிட்டது. பாதையின் 22 கட்டங்களில் பெரும்பகுதி வெள்ளைக்காரர் காலத்துத் தோட்டப் பாதைகள்தான், தேயிலைப் பெட்டி வெளியே போவதற்காக மலையைச் செதுக்கிப் போட்டவை. மண்வெட்டி பிடித்தது யார்? தமிழ்நாட்டிலிருந்து கடல் தாண்டி மன்னார்க் கரையில் இறங்கி, காய்ச்சலிலும் பசியிலும் கூட வந்தவர்களைக் காட்டிலேயே புதைத்துவிட்டு மாத்தளை வரை நடந்தவர்களும் அவர்கள் பிள்ளைகளும். 2023இல், அவர்கள் வந்து 200 ஆண்டு ஆன நினைவில், தலைமன்னாரிலிருந்து மாத்தளைக்கு மறுபடி நடந்தார்கள். இந்த நாட்டின் முதல் நெடுநடைப் பாதை எது என்று கேட்டால் நான் அதைத்தான் சொல்வேன். இந்த மக்களை இன்னும் ‘இந்தியத் தமிழர்’ என்று பதிகிறார்களே, அதோடு இந்தப் பக்கத்தில் பலமுறை சண்டை பிடித்திருக்கிறேன், இன்றைக்கும் பிடிக்கிறேன். அவர்கள் மலையகத் தமிழர்.

பாதைக்கு வைத்த பீக்கோ என்ற தேயிலைப் பெயரே சீனத்திலிருந்து வந்த சொல், இளங்கொழுந்தில் இருக்கும் வெள்ளைப் பூமயிரைக் குறிப்பது. பறிக்கிற விரலுக்குத்தான் அது முதலில் தெரியும்.

சரி, பராமரிப்புக்கு வருவோம். பாதையை அடையாளப்படுத்த ஐரோப்பிய ஒன்றியமும் அமெரிக்காவும் நிதி கொடுத்தன, ஆனால் ஒவ்வொரு மழைக்கும் பிறகு மண்ணை அள்ள அந்தப் பணம் வந்துகொண்டே இருக்காது. அமெரிக்காவில் 14 மாநிலங்களைத் தாண்டி ஏறத்தாழ 3,500 கிலோமீட்டர் போகும் அப்பலாச்சியன் பாதையை 1937இல் முழுதாக இணைத்தார்கள். இன்றும் அந்தந்தப் பகுதி நடைக் குழுக்கள் ஆளுக்கொரு துண்டைப் பொறுப்பெடுத்து, விழுந்த மரத்தை அறுத்து, தண்ணீர் வடிய வழி வெட்டி, வழி தெரிய மரங்களில் வெள்ளைப் பட்டை பூசுகின்றன. அது ஓய்வு நாள் உள்ளவர்கள் கூலி வாங்காமல் செய்யும் வேலை. காலையில் பெரட்டுக்கு, அதாவது வேலைக்கு ஆள் கணக்கெடுக்கும் இடத்துக்கு, போய் நாட்சம்பளத்துக்கு நிற்கிற பெண்ணிடம் ஞாயிற்றுக்கிழமை சும்மா வந்து புல் செதுக்கு என்று கேட்கக் கூடாது. அவருக்குச் சம்பளம் கொடுங்கள். வழிகாட்டி வேலையைத் தோட்டத்து வரிசை வீடுகளான லயத்துப் பிள்ளைகளுக்குக் கொடுங்கள், ரொட்டியும் சம்பலும் விற்கும் கடையையும் அவர்களே போடட்டும்.

சும்மா செய்ய வேண்டியவர் நீங்கள். ஹந்தானை உங்கள் ஊர் மலைதானே, பத்துப் பேரைச் சேர்த்துக்கொண்டு கத்தியோடு போய் முதல் கட்டத்தை எடுத்துக்கொள்ளுங்கள். அப்புறம் ஒன்று, நடப்பவர்களுக்கு வழியில் கழிப்பறை கட்டினால் அதற்குப் பூட்டுப் போடாதீர்கள், மலையில் கொழுந்தெடுக்கும் பெண்களும் அங்கே போக வேண்டும்.