முதல் நாள் மட்டும் சிகரெட்டை நிறுத்தினால் ஸ்கூபா டைவிங்குக்குப் போதுமா?

கேள்வி: தருமபுரியில் இருக்கிறேன். புதுச்சேரிக்குப் போய் ஸ்கூபா டைவிங் கற்றுக்கொள்ள ஆசை. தினமும் ஏழெட்டு சிகரெட் பிடிப்பேன். கடலில் இறங்குவதற்கு முதல் நாள் மட்டும் பிடிக்காமல் இருந்தால் போதுமா, மொத்தமாக விட வேண்டுமா?

போதாது. முதல் நாள் நிறுத்துவதால் பலனே இல்லை என்று சொல்ல மாட்டேன். ஆனால் கடலுக்குள் எதற்காகப் பயப்பட வேண்டுமோ, அது ஒரு நாளில் சரியாகிற விஷயம் இல்லை. இரண்டு மூன்று மாதம் முன்னாடியே மொத்தமாக விட்டுவிட்டுப் போங்கள்.

நான் கிருஷ்ணகிரி. கிரானைட் குவாரிகளுக்கு கம்ப்ரசர் சர்வீஸ் செய்கிற வேலை. கல்யாணத்துக்கு முன்பிருந்தே தம் அடித்துக்கொண்டிருந்தவன், கடலுக்காக விட்டேன். புதுச்சேரியில் படிக்கிற என் மகள் டைவிங் கற்றுக்கொண்டு, "ப்பா, நீயும் வா, ரெண்டு பேரும் ஜோடியா இறங்கலாம்" என்றாள். அதிலிருந்து ஆரம்பித்தது.

முதலில் அந்த ஒரு நாள் கணக்கைச் சொல்லிவிடுகிறேன். சிகரெட் புகையில் கார்பன் மோனாக்சைடு இருக்கிறது. ஆக்சிஜனைச் சுமக்கிற ஹீமோகுளோபினில் அது ஆக்சிஜனைவிட 200 மடங்குக்கு மேல் கெட்டியாக ஒட்டிக்கொள்ளும். புகைப்பதை நிறுத்தினால் நாலிலிருந்து ஆறு மணி நேரத்தில் அது பாதியாகக் குறையும். ஒரு நாள் முழுக்க தொடாமல் இருந்தால் பெரும்பகுதி வெளியே போய்விடும். இது நல்ல விஷயம்தான், இல்லை என்று சொல்லவில்லை.

டைவிங் சிலிண்டரில் ஆக்சிஜன் இருப்பதாகப் பலர் நினைக்கிறார்கள். நாம் சுவாசிக்கிற இதே காற்றைத்தான் வடிகட்டி, 200 பார் அழுத்தத்தில் அடைக்கிறார்கள். ஒரு பார் என்பது நம்மைச் சுற்றியுள்ள காற்றின் அழுத்தம் சுமார். குவாரியில் ஜாக்ஹாமருக்கு நாங்கள் கொடுப்பது ஏழு பார் சுமாருக்குத்தான். அந்த 200 பார் கம்ப்ரசரைப் பார்த்ததும் எனக்கு அங்கிருந்து நகரவே மனசு வரவில்லை. காற்று இழுக்கிற குழாயின் வாயை, என்ஜின் புகை எட்டாத தூரத்துக்குத் தனியாகக் கொண்டுபோய் வைத்திருந்தார்கள். காற்றில் கார்பன் மோனாக்சைடு கொஞ்சம் கலந்தாலும், ஆழத்தில் அழுத்தம் ஏற ஏற அதன் விஷமும் ஏறும். அதனால்தான் இவ்வளவு ஜாக்கிரதை. இத்தனை பாடுபட்டுச் சுத்தமாக அடைத்த காற்றைப் புகை ஏறிய ரத்தத்தோடு போய் சுவாசிக்கக் கூடாது என்று அந்த இடத்திலேயே எனக்குத் தோன்றியது.

இனி முக்கியமான விஷயம். நம் பக்கத்தில் பெரும்பாலும் கிணற்றில்தான் நீச்சல் பழகியிருப்போம். இடுப்பில் சுரைக்குடுக்கையோ பிளாஸ்டிக் கேனோ கட்டி இறக்கிவிடுவார்கள். கொஞ்சம் பழகியதும் முங்கிப்போய் அடியிலிருந்து மண் அள்ளி வருவதுதான் பந்தயம். மூச்சை ரொம்ப நேரம் அடக்குகிறவன் ஜெயிப்பான். அதில் நுரையீரலுக்கு அழுத்தத்தால் ஆபத்து வராது. ஏனென்றால் மேலே இழுத்த காற்றுதான் உள்ளே போகப் போகச் சுருங்கி, மேலே வர வரப் பழைய அளவுக்குத் திரும்புகிறது.

ஸ்கூபாவில் கதையே வேறு. 10 மீட்டர் ஆழத்தில், அதாவது 33 அடியில், அழுத்தம் மேலே இருப்பதைப்போல் இரண்டு மடங்கு. சிலிண்டரிலிருந்து வாய்க்குக் காற்றைக் கொண்டுவருகிற ரெகுலேட்டர், அந்த அழுத்தத்துக்கு ஈடாகக் காற்றைக் கொடுக்கும். அங்கே நெஞ்சு நிறைய இழுத்த மூச்சை அடக்கிக்கொண்டு மேலே வந்தால், அந்தக் காற்று இரண்டு மடங்காக விரியும். நுரையீரலில் அதற்கு இடம் ஏது? கிழியும். காற்றுக் குமிழ் ரத்தத்தில் ஏறி மூளைக்குப் போனால் பக்கவாதம் வந்த மாதிரி ஆளைச் சாய்த்துவிடும். இதற்கு ரொம்ப ஆழம்கூட வேண்டாம், நீச்சல் குளத்து ஆழமே போதும். அதனால்தான் ஸ்கூபாவில் முதல் பாடமே எப்போதும் மூச்சு விட்டுக்கொண்டே இரு, அடக்காதே என்பது. கிணற்றில் பழகியவர்கள் இந்தப் பழக்கத்தை மெனக்கெட்டு மாற்ற வேண்டியிருக்கும்.

சரி, இதற்கும் சிகரெட்டுக்கும் என்ன சம்பந்தம்? மூச்சுக்குழாயின் உள்சுவரில் சிலியா என்று கண்ணுக்குத் தெரியாத மெல்லிய இழைகள் இருக்கின்றன. அவைதான் சளியையும் தூசியையும் மேலே தள்ளிவிடுகின்றன. புகை அவற்றை முடக்கிவிடும். இன்னொரு பக்கம் சளி சுரப்பதும் கூடும். தள்ள ஆள் இல்லாத சளி, சின்னச் சின்னக் குழாய்களில் தங்கும். எங்கள் கம்ப்ரசர் லைனில் நான்-ரிட்டர்ன் வால்வு ஒன்று உண்டு. காற்றை ஒரு பக்கம் விடும், திரும்ப விடாது. சளி அடைத்த குழாயும் அப்படித்தான் ஆகிவிடுகிறது. மூச்சை இழுக்கும்போது குழாய் விரிந்து காற்று உள்ளே போகும், விடும்போது சுருங்கி அடைத்துக்கொள்ளும். பயிற்சியில் சொல்லிக்கொடுத்தபடி நீங்கள் மூச்சு விட்டுக்கொண்டே மேலே வந்தாலும், உங்களுக்குத் தெரியாமல் நெஞ்சின் ஒரு மூலையில் சளி மூச்சை அடக்கி வைத்திருக்கும். என்னை யோசிக்க வைத்தது இதுதான். புற்றுநோய், மாரடைப்பு என்று பெட்டியில் போட்ட படங்களை எத்தனையோ வருஷம் பார்த்தும் அசையாதவன், இதைக் கேட்டு அசைந்தேன்.

புகைக்கிற எல்லாருக்கும் இப்படி ஆகும் என்று பயமுறுத்தவில்லை. புகைத்துக்கொண்டே டைவிங் போகிறவர்களும் இருக்கிறார்கள். ஆனால் தப்பு நடந்தால் கரையில் நின்று இருமுகிற இடம் இல்லை அது. மகளோ நண்பரோ உங்களை நம்பித்தான் பக்கத்தில் இருப்பார்கள்.

அடுத்து காது. இறங்கும்போது மூக்கைப் பிடித்து மெதுவாக ஊதி, காதில் அழுத்தத்தைச் சமன் செய்ய வேண்டும். மூக்குக்கும் காதுக்கும் நடுவிலுள்ள குழாய் புகையால் வீங்கியிருந்தால் இது சுலபமாக வராது. வராதபோது முக்கி ஊதினால் காது கெட்டுவிடும்.

முதல் நாள் நிறுத்துவதில் இன்னொரு சிக்கலும் இருக்கிறது. நிகோட்டின் இல்லாத எரிச்சல், தலைவலி, கவனம் சிதறுவது எல்லாம் உச்சத்துக்கு வருவது இரண்டாம், மூன்றாம் நாளில். அந்த நேரம் பார்த்து நீங்கள் தண்ணிக்குள் இருப்பீர்கள், சிலிண்டரில் எவ்வளவு காற்று மீதி என்று காட்டுகிற கேஜைப் பார்க்க வேண்டும், கை சைகையைக் கவனிக்க வேண்டும். சிலருக்கு விட்ட பிறகு முதல் சில வாரம் இருமல் கூடும். சிலியா மறுபடி வேலைக்கு வருவதால் பழைய சளி கிளம்பும். எனக்குக் காலையில் வாஷ்பேசினில் பழுப்பும் கறுப்புமாக வந்தது. அதில் குவாரித் தூசியும் இருந்திருக்கும். அது முழுக்கத் தெளிந்த பிறகுதான் கடல் பக்கம் போக வேண்டும் என்று வைத்துக்கொண்டேன்.

எப்படி விட்டேன் என்று கேட்டால், டீயிலிருந்துதான் ஆரம்பித்தேன். எனக்கு டீயும் தம்மும் ஒட்டிப் பிறந்தவை. பெட்டிக்கடையில் கயிற்றில் தொங்குகிற லைட்டரைப் பார்த்தாலே கை போகும். அதனால் டீயை பிளாஸ்கில் கொண்டுபோய் ஷெட்டிலேயே குடித்தேன். மதியம் களி சாப்பிட்டதும் வருகிற ஆசைதான் பெரிய ஆசை. அதற்கு வறுத்துத் தோல் நீக்கிய புளியங்கொட்டை. ஒன்றைக் கன்னத்தில் அடக்கிக்கொண்டால் ரொம்ப நேரம் ஓடும். எவ்வளவு பலமான ஆசையும் சில நிமிஷத்தில் தணிந்துவிடும். அந்த நிமிஷங்களில் மகள் சொல்லிக்கொடுத்த டைவிங் மூச்சைப் பழகினேன். மெதுவாக இழுத்து, அதைவிட மெதுவாக விட வேண்டும். எனக்கு இதுவே பெரிய உதவியாக இருந்தது. கடலில் சிலிண்டர் காற்று சீக்கிரம் தீராமல் இருக்கவும் இதே மூச்சுதான் வேண்டும்.

நிகோட்டின் சூயிங் கம்மும் மென்றேன். 2 மில்லிகிராம் கம் மெடிக்கல் ஷாப்பில் கிடைக்கும். அதைச் சாதா சூயிங் கம் மாதிரி மெல்லக் கூடாது. கொஞ்சம் மென்று சுரீர் என்றதும் கன்னத்துக்கும் ஈறுக்கும் நடுவில் ஒதுக்க வேண்டும், அடங்கியதும் மறுபடி மெல்ல வேண்டும். அதற்கு முன்னால் கால் மணி நேரம் டீ, காபி வேண்டாம், குடித்தால் மருந்து சரியாக ஏறாது. சிகரெட் பெட்டியிலேயே 1800-11-2356 என்ற இலவச எண் போட்டிருக்கும். தமிழிலும் பேசுவார்கள், கூப்பிடத் தயங்காதீர்கள். சிகரெட்டை விடுவதற்காக டாக்டர் புப்ரோபியான் என்ற மாத்திரை எழுதினால், டைவிங் போகப் போவதைக் கட்டாயம் சொல்லுங்கள். அந்த மாத்திரையால் அபூர்வமாகச் சிலருக்கு வலிப்பு வரலாம். அது தண்ணிக்குள் வந்தால் உயிருக்கே ஆபத்து.

சிகரெட்டுக்குப் பதில் பீடி என்று நினைக்காதீர்கள், புகை இன்னும் மோசம். வேப் நம் நாட்டில் 2019 முதல் தடை. ஹான்ஸ் பொட்டலத்துக்கு மாறினவர்களை எங்கள் ஷெட்டிலேயே பார்க்கிறேன். நுரையீரல் தப்பினாலும் வாய் தப்பாது.

டைவிங்குக்கு முன்னால் ஒரு மருத்துவப் படிவம் கொடுப்பார்கள். 45 வயதைத் தாண்டியவரிடம், சிகரெட்டோ வேறு வழியிலோ நிகோட்டினை இழுக்கிறீர்களா என்று அதில் கேட்டிருக்கும். ஆமாம் என்றால் டாக்டர் கையெழுத்து வேண்டும். எனக்கு அந்த வயது ஆகிவிட்டது. நெஞ்சக நோய் டாக்டரிடம் போனேன். குழாயில் ஊதச் சொல்லி நுரையீரல் டெஸ்ட் எடுத்தார். கல் தூசியில் வேலை என்றதும் எக்ஸ்ரேயும் பார்த்தார். "விட்டுட்டு வாங்க, அப்புறம் கையெழுத்துப் போடறேன்" என்று திருப்பி அனுப்பினார். அந்த மனுஷருக்கு நான் இன்றைக்கும் நன்றி சொல்கிறேன். இரண்டாம் தடவை ஊதியபோது கோடு நன்றாக ஏறியதை அவரே பேப்பரில் விரல் வைத்துக் காட்டினார். உங்களுக்கு வயது குறைவாக இருந்து அந்தக் கேள்வி உங்களுக்கு இல்லாமல் போனாலும் இந்த டெஸ்ட்டை எடுத்துவிடுங்கள். ஆஸ்துமா, வீசிங் இருந்ததா என்ற கேள்விக்கு மறைக்காமல் பதில் எழுதுங்கள்.

மகளோடு இறங்கிய அன்று, களவா மீன் ஒன்று பாறை இடுக்கிலிருந்து எங்களையே பார்த்துக்கொண்டிருந்தது. அந்த அமைதியில் என் மூச்சுச் சத்தம் மட்டும்தான் கேட்டது, இரைப்பு இல்லாமல்.

நாள் குறிக்க ஒரு யோசனை. வடகிழக்குப் பருவமழையில் புதுச்சேரிக் கடல் கலங்கிக் கிடக்கும். அது ஓய்ந்து, பொங்கல் கழிந்த பிறகு பதிவு செய்யுங்கள். ஆயுத பூஜையன்று சிகரெட்டை விட்டால் நடுவில் மூன்று மாதம் கிடைக்கும். படிவத்தை முன்கூட்டியே வாங்கி, டாக்டருக்கான பக்கத்தையும் சேர்த்து பிரிண்ட் எடுத்துக்கொண்டு போங்கள். கடலே இல்லாத நம் ஊரில் பல டாக்டர்களுக்கு அந்தப் படிவம் புதுசு.